எதிர்ப்பக்கத்து நாற்காலி

அவளுக்கு ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், தான் பார்க்க வந்த ஆளின் தோளுக்குப் பின்னால் நிற்பாள். அந்த ஆள் எதையெல்லாம் பார்த்தபடி தன் நாளைக் கழிக்கிறாரோ அதைத் தானும் சற்று நேரம் பார்ப்பாள். பேச்சு அதற்குப் பிறகுதான். வங்கியில் இப்படி. பேருந்து நிலையத்து டைம்கீப்பர் அறையில் இப்படி. பல் டாக்டரிடமும் அதே மாதிரி போய் நின்று, "நீ எனக்குப் பல்லுப் பாக்க வந்தியா, நான் ஒனக்குப் பாக்கவா?" என்று அவர் சத்தம் போட்டதை அவளே சொல்லிச் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் அடுத்த பல்லின் மேல் லேசாக ஏறியிருக்கும். சிரிக்கும்போது அதுதான் முதலில் வெளியே வரும். எனக்கு அந்தப் பல்லின் மேல்கூடப் பொறாமை.

பொறாமை என்ற சொல்லை வெகு நாள் நான் அண்டவிடவில்லை. எரிச்சல் என்றேன். அசதி என்றேன். ரத்த அழுத்தமாக இருக்குமோ என்று ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில்கூட நின்றேன். இடது காதுக்குப் பின்னால், பேனாவைச் செருகி வைக்கும் இடத்தில், ஒரு சூடு கிளம்பும். அவள் பேசப் பேச ஏறும். அவள் எழுந்து போன பிறகும் இறங்காது. வெயில் சாய்ந்த பிறகும் சுவரில் கை வைத்தால் சுடுமே, அப்படி.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் அலுவலகத்தில். எந்தப் பெட்டியில் என்ன சரக்கு, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று ஏற்றுமதிக் காகிதங்கள் அத்தனையும் என் கையில். அவள் தரச் சோதனையில். சாயங்கால வெயிலில் துவைத்த காஸ் துணி, காயத்தில் வைத்துக் கட்டும் அந்த மெல்லிய வலைத்துணி, முற்றம் முழுக்கத் தொங்கும். அதன் வழியாகப் பார்த்தால் மனிதர்கள் பனிக்குள் நடப்பது போல் இருப்பார்கள். உலகத்தில் எங்கோ, யாருக்கோ, இன்னும் படாத காயத்துக்கு நாங்கள் முன்கூட்டியே துணி மடித்துக்கொண்டிருந்தோம். இப்படியெல்லாம் எனக்குத் தோன்றும். தோன்றி என்ன? அவளுக்கு வேறு மாதிரி தோன்றும், அவளுக்குத் தோன்றியது வேலைக்கு ஆகும்.

அவள் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். முதலாளி மதுரைக்குப் போயிருந்த ஒரு மதியம், அவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து அல்ல, நிமிர்ந்து, கைகளை மேசைமேல் வைத்து, கண்ணை மட்டும் மெல்ல நகர்த்திக்கொண்டு. நான் கதவருகே நின்று, "ஏட்டி, எந்திரி, யாரும் பாத்துறப் போறாவ" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் முதலாளியே வந்துவிட்டார். வழியில் கார் மக்கர் செய்து திரும்பியிருக்கிறார். நான் கதவை விட்டு விலகி வழிவிட்டேன். அவர் கத்தவில்லை. நாற்காலி வசதியாக இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த கத்தி அவளுக்குப் புரியாமல் இல்லை. எழுந்து நின்றாள்.

"நாற்காலி நல்லாத்தான் இருக்கு மொதலாளி. ஆனா இங்கருந்து பாத்தா கேட்டும் லாரியுந்தான் தெரியுது. துணி தெரியலையே" என்றாள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பார்த்தார். கணக்குப்பிள்ளையிடம் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். மூன்றாம் நாள் கொத்தனார் வந்து, மடிப்பு ஹாலைப் பார்த்த சுவரில் ஒரு ஜன்னல் உடைத்தார். அதே மேசைக்கு எதிரே ஒன்பது வருடம் காகிதம் நீட்டியபடி நின்றவள் நான். அந்தச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

எம்.பி.ஏ. விண்ணப்பத்தை அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்தது நான்தான். அஞ்சல் வழியில் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வகுப்பு, பிரிவு சர்வதேச வணிகம். அவள் வீடு அங்கே மடவார் வளாகத்தில். நான் ராஜபாளையத்திலிருந்து பேருந்தில் போவேன். தனியாகப் போய்த் தெரியாத முகங்களுக்கு நடுவே உட்காரக் கூச்சமாக இருந்தது, அதனால் அவளைச் சேர்த்தேன். துணைக்கு ஒரு ஆள் என்று நினைத்தேன். எனக்கு எதிரில் உட்கார ஒரு ஆள் என்று நினைக்கவில்லை.

வகுப்பு ஒரு தொடக்கப் பள்ளியின் மாடியில். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகள். முழங்கால் மேசையில் இடிக்க, சுவரில் ஆனா ஆவன்னா படங்களுக்குக் கீழே, மேலாளர்களும் குமாஸ்தாக்களும் ஒரு போலீஸ்காரரும் உட்கார்ந்து 'பன்னாட்டு வணிகச் சூழலில் உத்திசார் மேலாண்மை' என்ற தாளைப் படித்தோம். ஆசிரியர் மதுரையிலிருந்து வருவார். ஒரு தொழிலில் போட்டி எங்கிருந்தெல்லாம் வரும் என்று பலகையில் ஐந்து அம்புகள் போடுவார். ஐந்தும் நடுவிலிருக்கிற ஒரு கட்டத்தைக் குத்தும். அந்தக் கட்டத்துக்குள் நான் இருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

ஏதாவது ஒரு தொழிலை எடுத்து அதன் போட்டியை ஆராய்ந்து எழுதி வரச் சொன்னார். நாங்கள் எல்லோரும் கைடைப் பார்த்து அமெரிக்கக் குளிர்பானம், கொரியா செல்போன் என்று எழுதினோம். நான் பதினாறு பக்கம். தலைப்புக்கெல்லாம் பச்சை மையில் கோடு. அவள் பால்கோவாவைப் பற்றி நாலரைப் பக்கம் எழுதியிருந்தாள். இரண்டு ஞாயிறு மதிய இடைவேளையில் சாப்பிட வராமல் எங்கே போனாள் என்பது அன்றுதான் தெரிந்தது. கோயில் பக்கம் ஒரு பால்கோவாக் கடையில், கல்லாவுக்கு உள்புறம், கடைக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். முதல் நாள் அவர் விரட்டியிருக்கிறார். மறுவாரம் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறேன் என்று சொல்லி உள்ளே போயிருக்கிறாள்.

வெளியே நின்று பார்க்கிற நமக்குக் கடைக்குக் கடை போட்டி என்று தெரிகிறது. உள்ளே நின்று பார்த்தால் வருகிறவர்களின் முகம் தெரியும். ஒருவரும் அடுத்த கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தாள். சாமி கும்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பும் கூட்டம். பேருந்துக்கு நேரமாகிவிட்டால் வாங்காமலே ஓடிவிடும். இந்தத் தொழிலுக்குப் போட்டி அடுத்த கடையல்ல, கிளம்பி நிற்கிற பேருந்து. ஆகவே கடைக்காரர் செய்ய வேண்டியது, அரைக்கிலோ பொட்டலங்களைத் தயாராகக் கட்டி வாசலிலேயே வைப்பது.

ஆசிரியர் அதை உரக்கப் படித்தார். போலீஸ்காரர் கை தட்டினார். என் தாளில் 'கையெழுத்து நன்று' என்று எழுதியிருந்தது.

திரும்பும்போது பேருந்து நிலையம்வரை கூட வந்தாள். என் பச்சை மைக் கோடுகளை மெச்சினாள். உண்மையாகவே மெச்சினாள், அதுதான் கொடுமை. கேலி செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

அந்த வருடம் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஜெர்மனியில் மருத்துவப் பொருள் கண்காட்சி ஒன்று, கார்த்திகை மாதம் வருகிறது. இருவரில் ஒருவரைத் தன்னோடு கூட்டிப்போவதாக இருக்கிறார். போய் வருகிறவர்தான் ஏற்றுமதிப் பிரிவுக்குப் பொறுப்பு. யார் என்று பிறகு சொல்வார்.

என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. ஆறு வருடமாக இருந்தது. பீரோவில், பட்டுச்சேலைக்கு நடுவே, ஒரு முத்திரையும் விழாத வெற்றுப் பக்கங்களோடு. நான் காகிதம் தயாரித்து அனுப்பிய பெட்டிகள் பார்க்காத துறைமுகம் இல்லை. நான் தூத்துக்குடியைத் தாண்டியதில்லை. வரைபடத்தில் அந்த ஊர்ப் பெயர்களை விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஹாம்பர்க் என்று வாய்க்குள் சொன்னால் வெல்லக்கட்டியைக் கடித்த மாதிரி இருக்கும். எனக்கு அது வேண்டும். இந்த உலகத்தில் வேறு எதையும் நான் அப்படிக் கேட்டதில்லை.

அவளுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. அடுத்த வாரம் விண்ணப்பித்தாள்.

அதற்கு முந்திய மாசியில் ஜெர்மன்காரர் ஒருவர் நேரில் வந்திருந்தார். எங்கள் சரக்கில் பாதி அவருக்குத்தான் போகும். முதலாளி சால்வை போட்டார், இளநீர் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்து வரிசையாக நின்றோம். இவள் மட்டும் நழுவிப் போய் அவர் முழங்கைப் பக்கம் நின்றுகொண்டாள். ஹாலில் அவர் நடக்க நடக்கக் கூடவே நடந்தாள். அவர் போன பிறகு என்னிடம் வந்து, "அவிய மெஷினப் பாக்கலக்கா, நம்ம பொம்பளையாளுவ தலையப் பாத்தாவ" என்றாள். எனக்குப் புரியவில்லை. மடித்து அடுக்கியிருந்த துணிக் கட்டுக்கு நடுவிலிருந்து ஒரு பிச்சி இதழை எடுத்துக் காட்டினாள்.

மறுநாளே ஹாலுக்குள் பூ கூடாது, தலைக்குத் தொப்பி. பெண்கள் முகத்தைச் சுழித்தார்கள். பிளாஸ்டிக் தொப்பியில் தலை வெந்தது. இவள் என்ன செய்தாள் என்றால், இரண்டு வாரம் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, அதே தொப்பியை மாட்டிக்கொண்டு துணி மடித்தாள். மூன்றாம் வாரம் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் காஸ் துணியிலேயே தொப்பி தைக்கச் சொன்னாள். காற்றுப் போகிற தொப்பி. பெண்கள் அவளைத் திட்டுவதை விட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் இருக்கும் எங்களுக்குத் தொப்பி கட்டாயமில்லை. நாங்கள் ஹாலுக்குப் போவதே எப்போதாவதுதான்.

நான் போனது ஒரு சித்திரை மாதத்து மதியம். அனுப்பவிருந்த சரக்கில் எண்ணிக்கை இடித்தது. கட்டுகளின் மேல் குனிந்து குனிந்து எண்ணினேன். வேர்வை புருவத்தில் வழிந்து கண்ணுக்குள் போனது. வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போதுதான் நெற்றி வெறுமையாக இருப்பதைக் கவனித்தேன். ஒட்டுப் பொட்டு எங்கோ விழுந்திருக்கிறது. தினமும் விழுவதுதானே, வேறொன்று எடுத்து ஒட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆலையில் எல்லோரும் மெரூன் நிறத்தில்தான் வைப்பார்கள். நான் கரும்பச்சை. வெல்வெட்டில், நகக்கண் அளவு. கூட்டத்தில் ஒருத்தியாக இருக்கப் பிடிக்காமல் நான் தேடித் தேடி வாங்கிய பச்சை அது.

ஆவணியில் புகார் வந்தது. அலுவலக மெயிலை முதலில் திறப்பது நான். ஜெர்மனியில் ஏதோ ஒரு மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக்கு முன்பாகப் பொட்டலத்தைப் பிரித்த நர்ஸ், மடிப்புக்குள்ளிருந்து ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறாள். துணியின் மேல் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். 'அடையாளம் தெரியாத, வட்டமான, ஒருபக்கம் ஒட்டும் தன்மையுள்ள அந்நியப் பொருள்' என்று எழுதியிருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு என்னவென்று தெரியவில்லை. திரையின் வெள்ளையில் என் கரும்பச்சைப் பொட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலாளி திரையில் எதையும் படிக்கமாட்டார். எல்லாம் காகிதத்தில் வேண்டும். அலுவலகத்தில் இரண்டு பிரிண்டர். கலர் பிரிண்டரில் மை இருந்தது. அது இருந்தது எனக்குத் தெரியும், முந்தின வாரம்தான் நானே மாற்றினேன். கருப்பு வெள்ளையில் எடுத்தேன். காகிதம் இளஞ்சூடாக வெளியே வந்தது. பச்சையும் மெரூனும் அதில் ஒரே கருப்பு.

அதை யோசித்துச் செய்தேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். யோசித்துத்தான் செய்தேன். யோசிக்க இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் அவளுடைய பல் எனக்கு ஞாபகம் இருந்தது.

ஹாலில் எல்லோரையும் நிற்க வைத்து முதலாளி காகிதத்தைக் காட்டினார். பெண்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தி கையும் தன்னையறியாமல் நெற்றிக்குப் போனது. நாற்பது நெற்றிகள், நாற்பது கைகள். என் கையை நான் முந்தானைக்குள் பிடித்துவைத்திருந்தேன். யாருடையது என்று முதலாளி கேட்டார். அவள்தான் முன்னே வந்தாள்.

"இது எம்பொறுப்பு மொதலாளி. தலைக்குத் தொப்பிய யோசிச்ச நான் நெத்திய யோசிக்கல. யாரு பொட்டுன்னு தேடாதிய, நான் சரி பண்ணுதேன்."

இரண்டு வாரத்துக்குள் என்ன திருத்தம் செய்தீர்கள் என்று எழுத வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் நிற்கும். பொட்டு வைத்துக்கொண்டு ஹாலுக்குள் வரக்கூடாது என்று சொன்னாள். அன்று மதியமே ஹால் இரண்டுபட்டது. பூவை எடுக்கச் சொன்னபோது முனகியவர்கள் இப்போது எழுந்து நின்றுவிட்டார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது நெற்றியை அழித்துவிட்டு வேலை செய்யவா என்று ஒருத்தி அழுதாள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி, வத்திராயிருப்பிலிருந்து வருகிறவள், மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ஒனக்கென்னட்டி? முப்பத்திரண்டு வயசாச்சு, கல்யாணமும் ஆகல. ஒன் நெத்தி காலியா இருந்தா எந்த ஊடு இருட்டும்?"

நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அடி பட்டது அவளுக்கு, குளிர்ந்தது எனக்கு. இதையும் சொல்லாமல் விட்டால் நான் சொல்வது எதற்கும் அர்த்தமில்லை.

அவள் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மாலைவரை அங்கேயே உட்கார்ந்து மடித்தாள். போகும்போது அந்த அம்மாவோடேயே வத்திராயிருப்புப் பேருந்தில் ஏறிப் போனாள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். அங்கேயே தங்கி, அவர்கள் வீட்டில் இரவு தூங்கப் போவதையும் காலையில் குளித்துக் கிளம்புவதையும் பார்த்திருக்கிறாள்.

மூன்றாம் நாள், மடிப்பு ஹால் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி வந்து இறங்கியது. எந்த வீட்டிலும் பெண்கள் குளிக்கப் போகும்போது, தூங்கப் போகும்போது பொட்டை எடுத்து எங்கே வைக்கிறார்கள்? கண்ணாடியில் ஒட்டி வைக்கிறார்கள். அதை ஒருத்தியும் அழிப்பது என்று நினைப்பதில்லை. உள்ளே போகும்போது கண்ணாடியில் அவரவர் எண்ணுக்கு நேராகப் பொட்டை ஒட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வரும்போது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனவர் தொகையும் கண்ணாடியில் இருக்கும் பொட்டுத் தொகையும் ஒன்றாக இருந்தால்தான் தறி ஹாலிலிருந்து துணி உள்ளே வரும். முதலில் ஒட்டியது வத்திராயிருப்பு அம்மா. ஒட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து, "வீட்ல இருக்காப்புலயே இருக்கு" என்றாள்.

ஜெர்மன்காரர்கள் அனுப்பிய ஆய்வாளர் அந்தக் கண்ணாடியைப் பத்துக் கோணத்தில் படம் எடுத்தார். எங்கள் வகுப்பு ஆசிரியருக்கு இது தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பற்றியே பேசினார். வெளிநாட்டு விதியை உள்ளூர் மனம் ஏற்கும்படி எப்படி மாற்றுவது என்பதற்குப் புத்தகத்தில்கூட இவ்வளவு நல்ல உதாரணம் கிடையாது என்றார். நான் நோட்டில் தேதி மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

நான் அதற்குள் மெரூன் பொட்டுக்கு மாறியிருந்தேன். புகார் வந்த மறுநாளே மாறிவிட்டேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐப்பசி முடியப் போகும்போது முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணாடி நல்ல யோசனைதான், ஆனால் புகார் வந்தது அவளுடைய பிரிவில். அந்தப் பெண்ணையே கூட்டிக்கொண்டு போய் அவர்கள் எதிரில் நிறுத்தினால் நன்றாக இருக்காது. நீ கிளம்பு என்றார். சரி மொதலாளி என்றேன். என் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நூறு பக்க நோட்டு. கண்காட்சிக்கு வரக்கூடிய ஒவ்வொரு வாங்குபவரும் என்ன கேட்பார், ஏன் கேட்பார், எதற்குப் பயப்படுவார் என்று எழுதியிருந்தாள். போலந்துக்காரர் விலைதான் முக்கியம் போலப் பேசுவார், உண்மையில் தேதிதான் முக்கியம். ஹாலந்து அம்மா முதலில் தொழிலாளர்களுக்கு விடுமுறை உண்டா என்று கேட்பார், அதற்கு நின்று நிதானமாகப் பதில் சொல்லவும். அந்த ஜெர்மன்காரரைத் தவிர ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. பழைய மெயில்களை வைத்து, அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். தான் போவதற்காக எழுதியது. என் பெயரை மட்டும் அட்டையில் புதிதாக எழுதிக் கொடுத்தாள்.

ஜெர்மனியில் நான் ஆறு நாள் இருந்தேன். ஹாம்பர்க்கைப் பார்க்கவில்லை, அது வேறு திசையில் இருந்ததாம். ஒரு பெரிய கொட்டகைக்குள் வெளிச்சத்துக்குக் கீழே நின்றேன். போலந்துக்காரர் வந்தார், விலை பேசினார், தேதியைச் சொன்னதும் இளகினார். ஹாலந்து அம்மா விடுமுறையைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் அவள் எழுதிய வரிசையில்கூட வந்தது. நான் பதில் சொல்லச் சொல்ல முதலாளி முகம் மலர்ந்தது. எங்கள் பழைய ஜெர்மன்காரர் வந்து கை குலுக்கிவிட்டு, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, கண்ணாடி வைத்த அந்தப் பெண் எங்கே என்று கேட்டார். அவளால் வர முடியவில்லை என்றேன். ஆசைப்பட்டு ஆசைப்பட்டு வந்த ஊரில், என் வாயில் அவள் பேசினாள், என்னிடம் அவளை விசாரித்தார்கள். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். கொச்சியில், வெளிநாட்டு மருத்துவமனைகளுக்காக இந்தியாவில் சரக்கு வாங்கிக் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் இடம் கிடைத்திருந்தது. எனக்கு ஏற்றுமதிப் பொறுப்பு வந்துவிட்டது. புது மேசை, புது நாற்காலி. ஒரு வாரம் அதில் உட்கார்ந்து பார்த்தேன். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியில் வாங்கிய சாக்லேட் பெட்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஏறினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொல்லிவிட்டால் அவள் அழுவாள், அல்லது திட்டுவாள், இரண்டில் எது நடந்தாலும் நாங்கள் ஒரே உயரத்துக்கு வந்துவிடுவோம்.

மடவார் வளாகத்தில் அவள் வீட்டில் பெட்டி திறந்து கிடந்தது. சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பொட்டு என்னுதுட்டி" என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "பதில் எழுதுறப்ப மெயிலப் பாத்தேன், கலர்லதான இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவள் ஒரு சேலையின் ஓரத்தை நீவிவிட்டாள். வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் செத்த நேரம் மேலே பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"சொல்லிருந்தா மொதலாளி ஒங்கள அன்னைக்கே அனுப்பிருப்பாரு. பொட்டுக்காக இல்ல, கலர மறைச்சதுக்கு. ஒங்க வீட்டு அண்ணாச்சிக்கு மில்லுல ஷிப்டு கொறைஞ்சு போச்சு. நீங்களும் நாப்பதத் தாண்டப் போறீய. இத விட்டா ஒங்களுக்கு இந்த ஊருல வேற எங்கக்கா எடம் இருக்கு? எனக்கு எங்கயும் கெடைக்கும். ஒங்க எடத்துலருந்தும் பாத்தேன், எம் எடத்துலருந்தும் பாத்தேன். எனக்குத்தான் நட்டம் கம்மி."

அவள் குரலில் குத்தல் இல்லை. இரக்கம்கூட இல்லை. பால்கோவாக் கடைக்கு எதிரி பேருந்து என்று கண்டுபிடித்த அதே குரல்.

"காப்பி ஆறுதுக்கா, குடிங்க" என்றாள்.

குடித்தேன். சாக்லேட் பெட்டியை அவளுடைய அம்மாவிடம் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றேன், பண்ணுகிறேன் என்றாள். பேருந்து நிலையம்வரை வருகிறேன் என்று செருப்பை மாட்டப் போனவளை வேண்டாம் என்று தடுத்துவிட்டு நடந்தேன்.

ராஜபாளையம் பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பேருந்து கிளம்பி ஊரைத் தாண்டியதும் அழுகை வந்தது. அடக்க முடியாத அழுகை, மூக்கு ஒழுக, தோள் குலுங்க. செய்ததை நினைத்து அழுதேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். என்னைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டுப் போக அவளால் முடிந்தது, அதற்குப் பிறகும் போவதற்கு அவளுக்கு ஓர் ஊர் இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

பக்கத்தில் இருந்த அம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள். மடியில் ஒரு பை நிறையக் கீரைக்கட்டு. கடைசியில் மெல்லக் கேட்டாள்.

"யாரும் தவறிட்டாவளா தாயி?"

இல்லை என்று தலையாட்டினேன். கூட வேலை பார்த்த பெண், தங்கச்சி மாதிரி, வெளியூருக்குப் போகிறாள் என்றேன்.

"அதுக்கா இம்புட்டு அழுக? இந்தக் காலத்துல இப்படி ஒரு பாசமா" என்று சொல்லி என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். உழைத்துக் காய்த்த கை, வெதுவெதுவென்று இருந்தது. இல்லைம்மா, அப்படி இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ராஜபாளையம் வரும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.